டொகாஷி எழுதத் தயங்கிய பெயர்

டொகாஷி மிசாவோ எங்கள் கடைக்கு முதலில் வந்தபோது ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்று நினைத்தேன். விரல்நுனிகள் காய்ந்து வெடித்திருந்தன. உடுப்பில் மூக்கைக் குத்தும் ஒரு வாடை. என் அண்ணி ஹட்சுயே ஒத்துக்கொள்ளவில்லை.

"சலவை இல்ல கினு. முடி சுருட்டுற கடை. அந்த மருந்து வாடைதான் இது."

"அவங்க தலையைப் பாத்தா அப்படியா தெரியுது?"

"நாள் பூரா ஊரார் தலையைச் சுருட்டுறவளுக்குத் தன் தலைக்கு எங்க நேரம்?"

ஆஸ்பத்திரிக்கு எதிரே, மீன் ஏலக்கூடத்துக்குப் போகும் தெருவில் எங்கள் சாப்பாட்டுப் பெட்டிக் கடை. பெயர் மினாட்டோயா. அவர் கேட்பது எப்போதும் உப்பிட்டுச் சுட்ட சால்மன் வைத்த பெட்டி. வாங்கியவுடன் மூடியைத் திறந்து பார்ப்பார். எல்லோரும் மீன் துண்டு பெரிதா என்று பார்ப்பார்கள். அவர் ஓரத்தில் இருக்கும் ஊறுகாயைப் பார்ப்பார்.

"இது போன வாரம் வெச்ச முள்ளங்கி இல்லையே?"

"இல்லைங்க. சிவப்பு டர்னிப். மலைப்பக்கம் காட்டை எரிச்சுட்டு விதைக்கிறது."

"ஓ."

அடுத்த முறை அது பெட்டியில் இருந்தால், "எரிச்ச காட்டு டர்னிப்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூடியை மூடுவார். வேறு பேச்சு கிடையாது. பனிக்காற்று தரையோடு வீசும் நாட்களில்கூடக் கடைக்குள் நின்று ஒரு வார்த்தை பேசமாட்டார். அண்ணி அவருக்கு ஊறுகாய் அம்மா என்று பெயர் வைத்தார். அவருக்கு நான் மினாட்டோயா. பல வருடங்கள் எங்களுக்குள் தெரிந்தது அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரையில் வயிற்றில் புற்று வருவது யாருக்கும் புதிதல்ல. அப்பா அதில் போனார். அண்ணன் யசுஜிக்கு ஐம்பதில் வந்தது. வயிற்றை முழுதாக எடுத்துவிட்டார்கள். உயிர் நின்றது. ஆனால் அரை உருண்டைச் சோற்றை வெகுநேரம் மென்றுகொண்டிருப்பார். பிறகு முகம் வெளிறி, வியர்த்து, சமையற்கட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்வார். அதுவரை கடையில் சூப்பை ருசி பார்த்துவந்தவர் அவர்தான். அந்தக் கரண்டி என் கைக்கு வந்தது அப்படித்தான். குளிர்காலத்தில் காட் மீனை ஈரலோடு மிசோ என்ற சோயா விழுதில் கொதிக்கவிடும்போது அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்ப் பனியில் நின்றுகொள்வார். வாடையே ஆகாது. அவர் சமைத்துக் கற்றுக்கொடுத்த சூப் அது.

என் முறை அறுபத்தொரு வயதில் வந்தது. நகராட்சிப் பரிசோதனையில் குழாய் விட்டுப் பார்த்தவர் மஜிமா என்ற இளம் டாக்டர். வயிற்றின் மேல்பக்கம் வெளிறிய ஒரு மேடு இருப்பதாகச் சொன்னார். பட்டாணி அளவு. ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துக் கீழ்த்தளத்துச் சோதனை அறைக்கு அனுப்பினார். சாதாரணச் சுரப்பி, கெடுதல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நான் அன்று இரண்டு கிண்ணம் சூப் குடித்தேன்.

மஜிமாவுக்கு அந்தப் பதில் செரிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். மறுபடி கிள்ளினார். பிறகு, குழாய் வழியாகவே மேட்டை உரித்து எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்கள். வீடு திரும்பினேன். முடிவு மட்டும் வரவில்லை. நானே போய்க் கேட்டேன்.

"உள்தோலுக்குக் கீழ இன்னொரு அடுக்கு இருக்கு. அதுல கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார் மஜிமா. "இவ்வளவு ஆழம் வரைக்கும் விட்டுடலாம்னு ஒரு கோடு உண்டு. உங்களோடது அந்தக் கோட்டை மயிரிழை தாண்டியிருக்கு."

"தாண்டினா?"

"புற்றுன்னா ஆபரேஷன்தான். கட்டி இருந்த இடத்துக்கு வயித்தை முழுசா எடுக்கிறதே பத்திரம்னு குரோகி டாக்டர் சொல்றார்."

குரோகிதான் அண்ணனுக்கு வயிற்றை எடுத்தவர்.

"புற்றுன்னான்னு சொல்றீங்களே. அப்போ புற்று இல்லையா?"

"அதைத்தான் கீழ இருக்கிற டாக்டர் இன்னும் எழுதல."

"கீழ யாரு?"

"மைக்ராஸ்கோப்புல பாத்துப் பேர் சொல்றவங்க. இந்த ஆஸ்பத்திரிக்கே ஒருத்தங்கதான். நோயாளிங்க யாரும் அவங்களைப் பாக்கிறதில்ல."

"என்னைப் பாக்காதவங்க என் வயிறு இருக்கணுமா வேண்டாமான்னு சொல்லப்போறாங்களா?"

"உங்க வயித்தை அவங்க நிறையப் பாத்துட்டாங்கம்மா" என்றார். சொன்ன பிறகு காது சிவந்தது அவருக்கு.

வீட்டில் அண்ணி கொதித்தார். "ஒரு பேர் வைக்க இத்தனை நாளா? என் பேத்திக்கு ஏழாம் நாள் பொழுது சாயறதுக்குள்ள பேரெழுதிச் சாமி மாடத்துல ஒட்டிட்டோம். அதுவும் மாமனார் ஒரு பேரு, மருமக ஒரு பேருன்னு சண்டை போட்டுக்கிட்டே."

"அது குழந்தை அண்ணி."

"இது மட்டும் என்ன? நீ பெத்ததுதானே?"

அண்ணன் சிரித்தார். சிரித்ததில் வியர்த்து, போய்ப் படுத்துக்கொண்டார். நான் அவர் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மறுநாள் பெட்டிகளைச் சுற்றிக் கட்டும் துணிகளை மடித்தேன்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி மண்டபத்தில் வயிற்று டாக்டர்களின் கூட்டம் நடக்கும். கரையோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வருவார்கள். மாலை வேலை முடிந்து பசியோடு வருவதால் சாப்பாட்டுப் பெட்டி உண்டு. அது எங்கள் கடைப் பெட்டி. கூட்டம் நடக்கும்போதே பின்மேஜையில் பெட்டிகளை அடுக்கித் தேநீர் ஊற்றி வைப்போம். காதில் விழுவதை எல்லாம் கேட்டுக் கேட்டு அந்தக் கூட்டத்தின் முறை எனக்குத் தெரிந்திருந்தது.

திரையில் யாரோ ஒருவரின் வயிறு வரும். பெயர் இருக்காது. வயது, தொழில், அவ்வளவுதான். தலைவர் சபையிலிருந்து ஒருவரைக் கைகாட்டுவார். அவர் எழுந்து படத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். என்ன தெரிகிறது, ஆகவே இது என்ன, எவ்வளவு ஆழம். எல்லோர் முன்னாலும். விடை தெரிந்தவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. வாசிப்பவர் நன்றாக மாட்டிக்கொண்ட பிறகு, கடைசியில் மைக்ராஸ்கோப்புக்காரர் எழுந்து விடையைச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பெரிய பெரிய டாக்டர்கள் அந்த நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் விடை சொல்லும் கட்டம் வரும்போது நாங்கள் எப்போதும் சூப் சூடாக்கப் பின்கட்டுக்குப் போயிருப்போம். விடை சொன்னதும் அந்த ஆள் சாப்பிட நிற்காமல் போய்விடுவாராம். அதனால் நான் பார்த்ததே இல்லை.

அந்த ஜனவரிக் கூட்டத்தில் விளக்கு அணைந்து திரை வெளுத்தது. பேச நின்றவர் மஜிமா.

"அறுபத்தொரு வயதுப் பெண். உணவுத் தொழில். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வயிற்றுப் புற்று. நகராட்சிப் பரிசோதனையில் கண்டது."

அண்ணி என் கையைக் கிள்ளினார். நான் ஒரு பெட்டியை ஏந்தியபடி நின்றுவிட்டேன். திரையில் ஈரமான இளஞ்சிவப்புச் சுவர். அதன் நடுவில் வெளிறிய மேடு. மஜிமா அடுத்த படத்துக்குப் போகும்போது சபையின் பின்புறத்தை நோக்கினார். என்னைக் கண்டார். அவர் குரல் ஒரு கணம் நின்றது.

"என்ன மஜிமா, படம் சிக்கிடுச்சா?" என்றார் தலைவர்.

"இல்லை... தொடர்கிறேன்."

வாசிக்க எழுப்பப்பட்டவர் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒல்லியான ஒருவர். "மேலே ரத்தக்குழாய் கிளைவிட்டுத் தெரியுது. ஓரம் தெளிவா இல்ல. சுத்தியிருக்கிற வயிறு நல்லா இருக்கு. அழற்சி இல்ல. கெட்டது மாதிரி தெரியல."

"மாதிரி எல்லாம் வேண்டாம். என்ன அது?"

"...சுரப்பிப் பாலிப்."

சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் ஒரு பருத்த முதுகு திரும்பியது. குரோகி. "பாலிப் அடுத்த அடுக்குக்கு இறங்குமா தம்பி? பேரை அப்புறம் சாவகாசமா வைங்க. கோட்டைத் தாண்டிடுச்சா? தாண்டிடுச்சு. வயித்தை எடுக்கணும். புத்தகத்துல இருக்கு."

"சரி" என்றார் தலைவர். "டொகாஷி டாக்டர், விடை."

பக்கவாட்டு வரிசையிலிருந்து ஊறுகாய் அம்மா எழுந்து முன்னால் போனார்.

அண்ணி என் காதருகில், "முடி சுருட்டுற கடை" என்றார்.

என் வயிற்றிலிருந்து உரித்தெடுத்த சிறு தோல், ரப்பர் பலகையில் ஊசிகள் குத்தி விரித்தபடி திரையில் வந்தது. டோஃபுவை அறுத்ததுபோல் அதன்மேல் கோடுகள். பிறகு மைக்ராஸ்கோப்புப் படங்கள். நீலமும் இளஞ்சிவப்புமாக.

"இந்தச் செல்கள் செரிமான நீர் செய்யுற செல்களைப் போலவே இருக்கு" என்றார் டொகாஷி. பெட்டி வாங்கும்போது பேசும் அதே தணிந்த குரல். "முகம் கெடல. வேகமா பெருகல. சாயம் போட்டுப் பாத்தேன், செரிமான நீரே செய்யுது. ரத்தக்குழாய்க்குள்ள போகல. ஆனா கீழ இறங்கியிருக்கு. நம்ம புத்தகத்துல இதுக்கு இடம் இல்ல. தெற்கே சில பேர் இந்த மாதிரி சிலதைப் பாத்து ஒரு தனிப் பேர் சொல்லியிருக்காங்க. இன்னும் எல்லாரும் ஏத்துக்கல."

"அப்போ விடை?"

"நான் இன்னும் எழுதல."

சபை சலசலத்தது. விடை இல்லாமல் அந்தக் கூட்டம் அதற்கு முன் முடிந்ததில்லை என்று பிறகு மஜிமா சொன்னார்.

"இத்தனை வருஷமா எழுதுறீங்க, ஒரு சொல்லுக்கு இவ்வளவு தயக்கமா?" என்றார் குரோகி.

"வெறும் புற்றுன்னு எழுதினா உங்க கத்தி வந்துடும். புற்று இல்லன்னு எழுதினா அப்புறம் யாரும் இந்தம்மாவைப் பாக்க மாட்டாங்க. ரெண்டும் தப்பு."

"புத்தகம்..."

"அந்தக் கோடு மத்தப் புற்றுகளுக்குப் போட்டது, குரோகி டாக்டர். இதுக்கு யாரும் இன்னும் கோடு போடல."

விளக்கு போட்டார்கள். எல்லோரும் பெட்டிக்கு வந்தார்கள். வரிசையில் ஒவ்வொரு கையிலும் ஒரு பெட்டியும் ஒரு கிண்ணம் சூப்பும் வைத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மஜிமா தூரத்தில் சுவரோரம் நின்றார், பெட்டி வாங்க வரவில்லை. அன்று டொகாஷியும் கடைசியாக வந்து மூடியைத் திறந்து பார்த்தார்.

"எரிச்ச காட்டு டர்னிப்" என்றார்.

"டாக்டரம்மா. அது என் வயிறு."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முதன்முதலாக என்று நினைக்கிறேன்.

"தோமோன் கினு?"

"நான்தான்."

பெட்டியை மூடி மேஜையில் வைத்தார். "நாளைக்குக் கடை ஓய்ஞ்சதும் கீழ வாங்க. அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மஜிமா எங்களை அழைத்துப் போனார். போகும் வழியெல்லாம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணி, "போதும் டாக்டர், படிக்கட்டைப் பாத்து நடங்க" என்றார்.

கீழே நீண்ட அறை. அந்த வாடையின் வீடு அதுதான். ஜன்னலோரம் ஒரு வானொலி சன்னமாகச் சுமோ போட்டியைச் சொல்லிக்கொண்டிருந்தது. டொகாஷி அதை நிறுத்தவில்லை. "எங்க ஊர்ப் பக்கத்து ஆளு. இன்னைக்கும் தோப்பான். இருந்தாலும் கேக்கணும்" என்றார்.

இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப் இருந்தது. எதிர்ப்பக்கம் என்னை உட்காரவைத்தார். முதலில் என் வயிற்றின் நல்ல பகுதி என்று ஒன்றைக் காட்டினார். நீலப் புள்ளிகளும் இளஞ்சிவப்புப் புள்ளிகளுமாக நேர் நேராகக் குழாய்கள். பிறகு ஸ்லைடை நகர்த்தினார்.

"இதான் அது."

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சொன்னேன்.

"எனக்கும் தெரியல. முதல் துணுக்கை நல்ல சுரப்பின்னு எழுதி அனுப்பினது நான்தான். மஜிமா வந்து கதவைத் தட்டிக்கிட்டு நின்னான். போகவே மாட்டேன்னுட்டான்."

மஜிமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பார்த்தேன். வெகுநேரம் பார்த்தபின் மெல்லப் புரிந்தது. எங்கள் சாப்பாட்டுப் பெட்டியைப் போலத்தான்; பண்டங்கள் எல்லாம் சரி. ஆனால் அடுக்கியவள் நிறுத்த மறந்துபோய், ஒரே பண்டத்தை மேலும் மேலும் திணித்து, தடுப்பு வளைந்து, பெட்டி பிதுங்கி நிற்கிறது.

"நீலம் ஜாஸ்தியா இருக்கு" என்றேன். "நெருக்கிக்கிட்டு இருக்கு."

"ஆமா. அதேதான்."

"இதுக்குப் பேரெழுத ஏன் இவ்வளவு நாள்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து வரைக்கும் தோமோன் கினு ஒரு பேர்தான். இனிமே எழுதினா மினாட்டோயாவுக்கு எழுதற மாதிரி இருக்கும். கை சாயும். ஆபரேஷன் வேண்டாம்னு எழுதத் தோணும். உங்களை நேர்ல தெரியாத கண்ணு ஒண்ணு பாக்கணும். தெற்கே அந்தத் தனிப் பேரைச் சொன்னவங்கள்ல ஒருத்தருக்கு இன்னைக்கே ஸ்லைடை அனுப்பறேன். அவர் சொல்றதைக் கேட்டுட்டு நான் எழுதறேன்."

"அவர் வயித்தை எடுன்னு சொல்லிட்டா?"

"அதையும் உங்களுக்குச் சொல்றேன். நானே வந்து."

வானொலியில் அவருடைய ஆள் தோற்றான். "பாத்தீங்களா" என்றார், கொஞ்சம் திருப்தியுடன்.

அன்று திரும்பும்போது படிக்கட்டில் மஜிமா டொகாஷியைப் பற்றிச் சொன்னார். மலைப்பக்கம் பஸ் ஓட்டுநரின் மகள். முதலில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டராகத்தான் இருந்தார். கெட்ட சேதியை நேராகச் சொல்லிவிடுவார். அழுதால் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே நின்றுகொண்டிருப்பார். புகார் வந்தது. நீ கீழே போ என்றார்கள். போனார். கணவர் செண்டாய் நகரில் இசை ஆசிரியர். ஆபரேஷன் நடுவில் வெட்டிய துண்டு எந்த நேரமும் வரும், பார்க்க வேறு ஆள் கிடையாது. அதனால் டொகாஷி ஊரைவிட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போனதில்லை. கணவர்தான் பஸ் பிடித்து வருவார். அவர் வரும் வாரம் மட்டும் இரண்டு சால்மன் பெட்டி. அது எனக்கு நினைவிருந்தது. ரொம்பப் பசிபோலும் என்று நினைத்துக்கொள்வேன்.

பதில் வரும்வரை டொகாஷி கடைக்கு வரவில்லை. அண்ணி, "நம்மளைப் பாத்தா கை சாயுமாம். ஊறுகாய்க்குக் கூடவா சாயும்?" என்று தினமும் சொன்னார். நான் சூப்பை ருசி பார்க்கும்போதெல்லாம் கரண்டி பல்லில் தட்டியது. அண்ணன் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் சமையற்கட்டில் என்னிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"எடுத்தா செத்துட மாட்ட. நான் இருக்கேன் பாரு."

"தெரியும் அண்ணா."

"ஆனா எடுக்காம இருக்க வழி இருந்தா, எடுக்காதே." கரண்டி நுனியில் நாக்கை வைத்தார். "உப்பு கம்மி. பயந்துக்கிட்டே போட்டிருக்க." அவர் வெளியே போகவில்லை. வியர்த்தது. ஆனாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

டொகாஷி வந்தது கடை மூடும் நேரத்தில். கோட்டில் பனி. கூடக் குரோகியும் மஜிமாவும். கடைக்குள் மூன்று டாக்டர்களைப் பார்த்த அண்ணி நேராக என் அருகில் வந்து நின்றுகொண்டார்.

"நான் நினைச்ச அதே பேரைத்தான் ஃபோன்ல அவரும் சொன்னார்" என்றார் டொகாஷி. "வயித்தோட சொந்தச் சுரப்பி மாதிரியே இருக்கிற புற்று. அவங்க பாத்தவங்க விரல்விட்டு எண்ணுற அளவுதான். எல்லாரும் நல்லா இருக்காங்க. சில பேருக்கு உங்களை மாதிரி கீழ இறங்கியும் இருந்திருக்கு. யாருக்கும் வேற எங்கயும் பரவல. ஆனா அவங்களைப் பாத்து இன்னும் ரொம்ப வருஷம் ஆகல. அதையும் சொல்லணும்."

"அப்போ?"

"உங்க கட்டி ஓரம் மிச்சமில்லாம வெளிய வந்திருக்கு. இப்போதைக்கு வயித்தைத் தொட வேண்டாம், வருஷா வருஷம் குழாய் விட்டுப் பாக்கணும்னு எழுதறேன்."

எல்லோரும் குரோகியைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த உடம்புக்கு எங்கள் பெஞ்சு சிறியது.

"நான் இந்த மாதிரி ஒண்ணை வெட்டினதில்ல" என்றார். "வெட்டாதவன் வெட்டுன்னு சொல்லக்கூடாது. புத்தகத்தை நம்பித்தான் சொன்னேன். புத்தகத்துல இல்லன்னு இவங்க சொல்றாங்க. சரி. கத்தியை உள்ள வைக்கிறேன். ஆனா கினு அம்மா, ஒரு வருஷம் பரிசோதனைக்கு வரலன்னா நானே வந்து இழுத்துக்கிட்டுப் போவேன்."

"வந்தா பெட்டி வாங்கிட்டுத்தான் போகணும்" என்றார் அண்ணி. அதற்குமேல் முடியாமல் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே அண்ணன் எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் சூப் குடிக்கும்போது டொகாஷியிடம் தனியாகக் கேட்டேன்.

"இவ்வளவு சாதுன்னு சொல்றீங்க. அந்தப் புற்றுங்கிற வார்த்தையை மட்டும் விட்டுட முடியாதா? எங்க வீட்டுல அந்த வார்த்தைக்கு ஒரு ஆளையும் ஒரு வயித்தையும் குடுத்தாச்சு."

அவர் யோசித்தார்.

"முடியாது" என்றார். "கீழ இறங்கினதை இறங்கலன்னு எழுத முடியாது. சாதுதான். ஆனா இறங்குச்சு. அந்த வார்த்தையை எடுத்துட்டா மூணாம் வருஷம் நீங்க வர மாட்டீங்க. கடையில வேலைன்னு சொல்லுவீங்க. அதான் பேரை நீளமா எழுதறேன். புற்றுன்னு மட்டும் நிறுத்திப் படிச்சாத்தான் பயம்."

பிறகு அழுதேன். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே நின்றுகொண்டிருந்தார். புகார் கொடுத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வருடா வருடம் போகிறேன். மஜிமாவின் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. குழாயை விடும்போது, "வலிச்சா கையை உசத்துங்க" என்று இப்போதும் சொல்கிறார். இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு, அவ்வளவுதான். குரோகி ஓய்வுபெற்று, நாயோடு கடைவழியாக நடந்துபோகிறார். பரிசோதனை மாதத்தில் மட்டும் நின்று, "போயாச்சா?" என்று கேட்பார். போயாச்சு என்றால் பெட்டி வாங்காமல் போவார். இன்னும் இல்லை என்றால் பெட்டி வாங்குவார். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் டொகாஷி மூடியைத் திறந்து ஊறுகாயைப் பார்த்துவிட்டு, "உங்களோடதுக்குப் பேரைத் திருத்தியிருக்காங்க" என்றார். "உள்தோலோட நின்னுட்டா ஒரு பேரு, அதுல புற்றுங்கிற வார்த்தையே கிடையாது. கீழ இறங்கினா இன்னொரு பேரு."

"எனக்கு எது?"

"இறங்கினது."

"அடப்பாவமே. ஒரு மயிரிழையில போச்சா?"

"போச்சு."

"அதுக்குத் தெரியுமா, பேர் மாறினது?" என்று அண்ணி உள்ளிருந்து கேட்டார். டொகாஷி சிரித்து அன்றுதான் பார்த்தேன். பல் முழுக்கத் தெரிந்தது.

இந்த ஜனவரிக் கூட்டத்துக்கும் பெட்டி எங்களுடையதுதான். சூப்பை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, விடை சொல்லும்வரை மண்டபத்திலேயே நிற்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. திரையில் எழுபது வயது ஆண் என்றார்கள். மீன்பிடித் தொழில். இளஞ்சிவப்புச் சுவர், வெளிறிய மேடு, மேலே கிளைவிட்ட ரத்தக்குழாய். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கைகாட்டிய பெண் டாக்டர் மிகவும் இளையவர், கூட்டத்துக்குப் புதிது. எழுந்து இரண்டு படம்தான் பார்த்தார். அந்த நீளப் பெயரை நிறுத்தாமல் முழுதாகச் சொன்னார். வயிற்றை எடுக்க வேண்டியதில்லை, குழாய் வழியாக எடுத்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தால் போதும் என்றார்.

"டொகாஷி டாக்டர், விடை?"

டொகாஷி எழுந்தார். முன்னால்கூடப் போகவில்லை. இடத்திலிருந்தே, "அதேதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்த வயிறு திரைக்கு வந்தது. அந்த மீனவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்த நேரத்துக்குப் படகைக் கட்டிவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் பின்கட்டுக்குப் போய்ச் சூப்பை ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.